பதினாலாம் கட்டிலுக்குத் தாத்தா

தாத்தா போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினெட்டு நாளும் பேத்தியால் வீட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை. யார் யாரோ வந்தார்கள். ஊன்றுகோலோடு ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராக எழுந்து வந்துவிட்டாரோ என்று சந்தேகப்படும்படி ஒருவர். வந்த எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித்தான் அழுதார்கள்: "எனக்கும் அவர் தாத்தாதாம்மா." பேத்தி ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள், டீ போட்டுக் கொடுத்தாள். சொந்தப் பேத்தி நான் ஒருத்திதான் என்று நாக்கு நுனிவரை வந்ததை, தன் பங்கு டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

அவரை எல்லாரும் லிஃப்ட் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். மனிதர்களை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதுமாகவே ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் துணைக்குழுவில் போய்ச் சேர்ந்தார். யாருமில்லாத நோயாளிகளின் பக்கத்தில் உட்காருவதுதான் அந்தக் குழுவின் வேலை. மருந்து கொடுப்பதில்லை, ஊசி போடுவதில்லை, வெறுமனே உட்காருவது. கேட்டால் பெரிய வேலையாகத் தெரியாது. வலியில் முனகுகிற முன்பின் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வார்டுக்குள் நாள் முழுக்க இருக்க வேண்டுமென்றால் வாசலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் "நோயாளிக்கு உறவு" என்று ஒரு கட்டம். அங்கே "தன்னார்வலர்" என்று எழுதினால் பார்வை நேரம் முடிந்ததும் காவலாளி விசிலடித்து வெளியே தள்ளிவிடுவான். உறவு என்று எழுதினால் இருக்கலாம். ஆகவே குழுவில் எல்லாரும் ஆளுக்கொரு உறவை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சித்தப்பா, ஒருத்தி அண்ணி. இவர் எடுத்துக்கொண்டது தாத்தா. யாராயிருந்தாலும் தாத்தாதான், மாற்றமே கிடையாது. ஒரு தடவை எண்பத்திரண்டு வயதுக் கிழவருக்கும் அப்படியே எழுதிவிட்டார். அப்போது இவருக்கு எழுபதுகூட ஆகவில்லை. நர்ஸ் படிவத்தைப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் நியாயம் வேணாமா?" என்று கேட்க, "நான் பார்க்க இளமையா இருக்கேன்மா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம்.

இந்தக் கதையை வீட்டில் சொல்லும்போதெல்லாம் பேத்தி சிரிப்பாள். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் கொஞ்சம் முறைப்பாள். எட்டு வயதில் அம்மா போனதிலிருந்து அவளை வளர்த்தவர் அவர்தான். தாத்தா என்ற சொல்லை அவள் மட்டுமே சொல்ல வேண்டும் என்பது அவளுடைய நினைப்பு. ஆனால் பத்தொன்பது வருஷமாக அவர் அதை ஊருக்கெல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்தார். சரி, யாருமில்லாதவர்களுக்குத்தானே என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்வாள். அந்தச் சமாதானம் நன்றாகத்தான் வேலை செய்தது, துணைக்குழுவின் தலைவி பெரியக்கா ஒரு துணிப்பை நிறையப் பதிவேடுகளைக் கொண்டுவந்து கடை மேஜைமேல் வைக்கிற வரைக்கும்.

பேத்திக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து, சட்டத்துக்குள் பொருத்தித் தருவாள். அரை மில்லிமீட்டர் விலகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமையடிப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பெரியக்கா வந்தார். அதே ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் உத்தரவு போடுகிற குரல்.

"நாளைக்கு, ஞாயித்துக்கெழமை காலைல பத்து மணிக்குக் கூட்டம். ஆஸ்பத்திரில நோயாளிகூட இருக்கிறவங்க தங்குற கூடத்துக்கு அவர் பேரை வெக்கிறோம். நீ பத்து நிமிஷம் பேசணும். எல்லாம் இதுல இருக்கு. அவர் கையெழுத்துதான். பார்த்து நாலு நல்ல விஷயமா எடுத்துச் சொல்லு."

"எனக்குப் பேசி வராதுக்கா."

"அவர் பேத்தி பேசலைன்னா வேற யார் பேசுறது?"

அந்த ஒரு வார்த்தையில் பேத்தி குளிர்ந்துபோனாள். பதினெட்டு நாளாக யாரும் அவளுக்குத் தராத இடம் அது.

அன்று மதியமே புரட்ட ஆரம்பித்தாள். தேதி, வார்டு, கட்டில் எண், உறவு, வந்த நேரம், போன நேரம். பக்கம் பக்கமாகத் தாத்தாவின் சாய்ந்த எழுத்து. தாத்தா, தாத்தா, தாத்தா என்று ஒரே சொல் கட்டம் கட்டமாக இறங்கிக்கொண்டே போனது. அவள் எதையும் தேடவில்லை. கூட்டத்தில் சொல்ல ஏதாவது வேடிக்கை கிடைக்காதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அந்தத் தேதி வந்தது.

மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. பெண்கள் வார்டு, கட்டில் பதினாலு. உறவு: தாத்தா. வந்த நேரம் காலை எட்டு நாற்பது. போன நேரம் மாலை ஏழு.

முதலில் தேதியை மாற்றி எழுதிவிட்டார் என்றுதான் நினைத்தாள். மேலே பார்த்தாள், முந்தைய நாள் சரியாக இருந்தது. கீழே பார்த்தாள், அடுத்த நாளும் சரியாக இருந்தது. லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தும் பார்த்துவிட்டாள். எழுத்து பெரிதாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் மாறவில்லை.

அந்தத் தேதியை அவள் எந்தப் பதிவேட்டிலும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். வயிற்றில் அசைவு குறைந்திருக்கிறது என்று முந்தின சாயங்காலம் நகரத்தின் அந்தப் பக்கம் இருந்த ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்திருந்தாள். புருஷன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. எந்தக் கடலில் இருந்தானோ. காலை ஏழு மணிக்கு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பேத்தி தாத்தாவுக்குப் போன் போட்டாள். "போயிடுச்சாம் தாத்தா" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. "இதோ கிளம்பிட்டேன் கண்ணு" என்றார் அவர்.

செத்த பிள்ளையையும் பெற்றுத்தான் ஆக வேண்டும். வலி வர மருந்து ஏற்றினார்கள். நர்ஸ் வந்து, "கூட யாரும் வரலையா?" என்று கேட்டாள். "தாத்தா வந்துட்டிருக்காரு" என்றாள் பேத்தி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில். பதினோரு மணிக்கு அவர் போன் பண்ணினார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம், முழங்கால் வீங்கி நிற்கக்கூட முடியவில்லையாம். பேச்சுக்குப் பின்னால் ஏதோ சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. டிவி ஓடுகிறது போல என்று நினைத்துக்கொண்டாள். கேள்விப்பட்டதும் அவள் பதறியது தாத்தாவின் காலை நினைத்துத்தான். "தனியா நடக்காதீங்க, சுவத்தைப் பிடிச்சுக்கோங்க" என்று பிரசவ வலியோடு அவருக்குப் புத்தி சொன்னாள். பிறகு எல்லாக் காகிதத்திலும் தானே கையெழுத்துப் போட்டாள். பொழுது சாய்ந்து முதலாளியின் மனைவி ஒரு நைட்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள், அதுவரை அந்த அறையில் அவளுக்கென்று ஒரு மனித முகம் இல்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது தாத்தா முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த ஒரு மாதம் பேத்தி அந்த முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். குடிக்கப் பிள்ளையில்லாமல் பால் கட்டி, நெஞ்சு கல்லாகக் கனக்க, தரையில் உட்கார்ந்து ஒரு நோவும் இல்லாத காலை நீவிவிட்டாள்! அவர் நொண்டியதைக்கூட இப்போது யோசித்தால் ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்றுதான் நினைவுக்கு வருகிறது. அரை மில்லிமீட்டர் விலகலைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லை. இவ்வளவு அழகாக ஒரு மனிதர் அவள் காதில் பூச்சுற்றியிருக்கிறார்.

"என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" என்று முதலாளி கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வழியெல்லாம் அவரிடம் சண்டை போட்டுக்கொண்டே போனாள். கடைசிப் பதினோரு நாள் அதே பெரிய ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான். பதினோரு நாளும் நினைவு தெளிவாகத்தான் இருந்தது. லிஃப்ட் நடுவில் நின்றுபோய் மேனேஜர் உள்ளே மாட்டிக்கொண்ட கதையை மூன்று தடவை சொன்னாரே, இதை ஒரு தடவை சொல்லக் கூடாதா? ஒருவேளை அந்தப் பதினாலாம் கட்டிலில் யாரோ சாகக் கிடந்தாளா? இவர்தான் வரவேண்டும் என்று ஆள் அனுப்பினார்களா? அப்படியிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் பெரியக்கா வீட்டுக்குப் போனாள்.

பெரியக்கா பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். உத்தரவு போடுகிற குரல் எங்கேயோ போய்விட்டது.

"இந்தப் பக்கம் இதுல இருக்கிறதை நான் மறந்தே போயிட்டேன்மா."

"அப்படின்னா உங்களுக்குத் தெரியும்."

"அன்னிக்குத் தெரியாது. ஒரு வாரம் கழிச்சுத்தான் உன் விஷயம் காதுக்கு வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்குத் தெரிய வேணாம்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு."

"நீங்கதான் அன்னிக்கு அவரைக் கூப்பிட்டீங்களா? ஆள் பத்தலையா?"

பெரியக்கா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத ஜென்மம்.

"இல்லம்மா. அன்னிக்கு அவர் முறையே இல்ல. ஆளும் நெறைய இருந்தாங்க. ஏதாவது ஒரு கட்டில் குடுங்கன்னு வந்து நின்னாரு. வீட்டுக்குப் போங்கன்னேன், கேக்கல. சரின்னு பதினாலைக் குடுத்தேன். அந்தப் பொண்ணுக்குத் துணைகூடத் தேவையில்ல, அக்கா கூடவே இருந்தா."

பிடித்துக்கொண்டிருந்த ஒரே நூலும் அறுந்தது. பேத்தி சிரித்தாள். அழுகையைவிட அது மோசமாக இருந்தது.

"யாரும் இல்லாதவங்களுக்குத்தான் போறார்னு இத்தனை வருஷம் நான் வாயை மூடிட்டு இருந்தேன். கடைசில ஆள் இருக்கிறவ கிட்ட போய் உக்காந்துட்டு, யாரும் இல்லாத என்னை விட்டுட்டாரு. நீங்களும் கூடச் சேர்ந்து மறைச்சிருக்கீங்க. நல்லா இருக்குக்கா உங்க துணைக்குழு."

"நாளைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லிடாதம்மா. செத்தவரு."

"செத்தா செஞ்சது இல்லைன்னு ஆயிடுமா?"

சொல்வதென்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். எல்லாருக்கும் தாத்தாவாக இருந்தவர் ஒருத்திக்கு மட்டும் அப்படி இல்லாமல் போன நாளை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். இல்லையென்றால் அவர் பெயரை எழுதிய அந்தக் கூடத்தை ஆயுள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்க வேண்டும். அவள் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில்தான் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஞாயிறு காலை கூடம் நிரம்பி வழிந்தது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடும் மைக், மேஜைமேல் தாத்தாவின் பெரிய படம். படத்தில் அவர் மூக்கில் இருந்த கண்ணாடி பேத்தி செய்து கொடுத்தது. ஒவ்வொருவராக வந்து அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஆபரேஷனுக்குப் போகும்போது கையை விடவே இல்லை என்றார் ஒருவர். வலியில் கெட்ட வார்த்தையில் திட்டியபோதும் கோபித்துக்கொள்ளாமல் அதைவிடக் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிக் கொடுத்தார் என்றார் இன்னொருவர், கூடமே சிரித்தது. பேத்திக்கும் சிரிப்பு வந்தது. வந்ததே என்று தன்மேலேயே எரிச்சலாகவும் வந்தது.

அவள் முறை வந்தது. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். முன்வரிசையில் பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் நல்லாப் பேசினீங்க. நான் ஒரே ஒரு வரிதான் படிக்கப் போறேன்" என்று ஆரம்பித்துத் தேதி, வார்டு, கட்டில், உறவு, நேரம் எல்லாவற்றையும் படித்தாள். "அன்னிக்கு நான் வேற ஒரு எடத்துல செத்த கொழந்தையப் பெத்துக்கிட்டு இருந்தேன். கால் வீங்கி வீட்டுல கெடக்கேன்னு இங்கிருந்தே எனக்குப் போன் பண்ணினாரு. உங்க எல்லாருக்கும் தாத்தாவா வந்தாரு. எனக்கு வரல. அவ்வளவுதான்."

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், ஓட்டுநர் சட்டையோடே வந்திருந்தாள்.

"அந்தப் பதினாலு நான்தாம்மா" என்றாள்.

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

"அன்னிக்கு அவர் எனக்குத் துணையா வரல. எனக்கு எங்கக்கா இருந்தா. வந்து ஸ்டூல்ல உக்காந்தாரு. அப்புறம் அழ ஆரம்பிச்சாரு. எம்பேத்தி கொழந்தை போயிடுச்சும்மா, நான் அங்க போகணும், பஸ் ஏறிட்டேன், மூணாவது ஸ்டாப்புல எறங்கிட்டேன், அவ மூஞ்சியப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. நானும் அக்காவும்தான் மாத்தி மாத்தி அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். சாயங்காலம் வரைக்கும்."

கூடம் பெருமூச்சு விட்டது. பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நன்றியுரை சொல்ல இருந்தவர் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, "பாருங்க, பேத்தி மேல எப்பேர்ப்பட்ட பாசம்! உயிரையே வெச்சிருந்திருக்காரு" என்றார். ஒருவர் கைதட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். சற்று நேரத்தில் கூடம் முழுக்கக் கைதட்டியது. அவள் சொன்ன குற்றத்தையும் எடுத்து அவருடைய பெருமையில் சேர்த்துவிட்டார்கள்.

பேத்தி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உயிரை வெச்சிருந்தாரு. சரி. எனக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது உயிர் இல்ல, ஆளு."

கைதட்டல் பாதியில் நின்றது. அவள் பதிவேட்டைப் பெரியக்காவின் மடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் அழுதிருக்கிறார். மூன்று வருஷமாக அவர் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறக்காததை எல்லாம் அவர் கணக்கில் எடுக்கவில்லை போலும் என்று இவள் தனியாகவே அழுது முடித்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்க வேண்டிய அழுகை அது. அதைக் கொண்டுபோய் ஒரு வேன்காரியிடம் கொடுத்துவிட்டு, இவளுக்கு ஒரு பொய்யான முழங்காலைக் கொடுத்திருக்கிறார்.

வாசல் கேட்டருகே வேன்காரப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து பிடித்தாள்.

"நான் சொன்னது தப்பாம்மா?"

"இல்ல. நீங்க உண்மையத்தான் சொன்னீங்க."

"இன்னொண்ணு இருக்கு. அதை அத்தனை பேர் முன்னால சொல்ல மனசு வரல." அவள் சட்டைப் பொத்தானைத் திருகினாள். "கொழந்தைக்கு ஒரு பேர் வெச்சிருந்தாரு. அந்தப் பேரைச் சொல்லித்தான் அன்னிக்கு அழுதாரு. உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோன்னு…"

பேத்திக்குத் தெரியாது. ஐந்தாம் மாதத்தில் அவளே சொன்னதுதான்: "பேர் நீங்கதான் வெக்கணும் தாத்தா." அவர் வெகுநாள் யோசித்து, முடிவு பண்ணிவிட்டதாகவும் பிறந்ததும் சொல்வதாகவும் சொன்னார். நர்சிங் ஹோமில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் அவள் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். எடுத்துப் போகும்போது நர்ஸ், "பேர் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். பேத்தி வாசலைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்றாள்.

"சொல்லட்டுமாம்மா?"

"வேணாம். அதை அவர் வாயால நான் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பேத்தி தெருவில் இறங்கிவிட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் விறுவிறுவென்று போனாள். பஸ்ஸும் வந்து நின்றது. ஏறவில்லை. திரும்பி, போனதைவிட வேகமாக வந்தாள். வேன்காரி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லுங்க."

வேன்காரி சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏற்கெனவே அது போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போய்விட்டுத்தான் உரியவளிடம் வந்திருக்கிறது. பேத்தி அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பாவி மனுஷன்" என்றாள். "எவ்வளவு நல்ல பேரு. அன்னிக்கு போன்லயாவது சொல்லியிருந்தா, எம்பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அனுப்பியிருப்பேனே."